உயிர்ப்பாறையா, உலர்பாறையா? சிறு கடல்நீர்த் தொட்டிக்கான தேர்வு

கடல்நீர் மீன்தொட்டியில் பாறை அடுக்குவது அழகுக்காக மட்டுமன்று. மீனின் கழிவும் தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இவை ஒட்டி வாழ வேண்டிய பரப்பைத் தருவது துளைகள் நிறைந்த பாறை. ஆக்சிஜன் எட்டாத ஆழ்ந்த துளைகளில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றுவதும் உண்டு. 100 லிட்டருக்கு உட்பட்ட சிறு தொட்டியில், கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் போன்ற கருவிகளுக்குப் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. ஆகவே நீரைத் தூய்மையாக வைத்திருக்கும் பொறுப்பில் பெரும்பங்கு பாறையின் மேல் விழுகிறது.

கடைகளில் லைவ் ராக் எனப்படும் உயிர்ப்பாறை, பவள உயிரிகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடுகள் இறுகி உருவானது. அதன் மேலும் உள்ளும் பாக்டீரியாக்கள், ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படரும் சுண்ணப் பாசி, பஞ்சுயிரிகள், புழுக்கள், கோப்பிபாட் போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் ஆகியவை வாழ்கின்றன. டிரை ராக் எனப்படும் உலர்பாறையில் இவை எதுவும் இல்லை. அது மூன்று வழிகளில் கிடைக்கிறது: பண்டைக் காலத்தில் கடலடியில் இருந்து இன்று நிலமாகிவிட்ட பவளத்திட்டுகளிலிருந்து வெட்டப்படுவது; கடலிலிருந்து எடுத்து உலர்த்தப்படுவது; சிமெண்டும் சுண்ண மணலும் கலந்தோ, பீங்கானாகச் சுட்டோ செய்யப்படுவது.

உயிர்ப்பாறையின் பெருமை பழையது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த பாறையையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பித் தொட்டி பராமரிக்கும் முறையை 1961-இல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஜெர்மனியில் உயிர்ப்பாறையோடு ஸ்கிம்மரைச் சேர்த்து உருவான பெர்லின் முறை, பவளம் வளர்ப்பவர்களிடையே உலகெங்கும் பரவியது. அந்தச் செல்வாக்குக்குக் காரணம் உண்டு. நன்கு பதப்பட்ட உயிர்ப்பாறையில் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே நிலைபெற்றிருப்பதால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஓரிரு வாரங்களில் பூஜ்யத்துக்கு இறங்கிவிடக்கூடும். சுண்ணப் பாசி விரைவில் படர்ந்து மற்ற பாசிகளுக்கு இடம் தராது. கோப்பிபாட்கள் சிறு மீன்களுக்குத் தீனியாகின்றன. முட்புழுக்களில் பெரும்பாலானவை அஞ்சத்தக்கவை அல்ல; பாறை இடுக்கில் சிக்கிய தீனியை அவை தின்று தீர்க்கின்றன. இந்தப் பல்லுயிர் வளத்தைப் புட்டியில் அடைத்து விற்கும் பாக்டீரியாக் கரைசல் முழுமையாகத் தந்துவிட முடியாது.

அதே வளத்தோடுதான் தொல்லையும் வருகிறது. கடலிலிருந்து எடுத்து, ஈரத்தாளில் சுற்றி, விமானத்தில் வந்து சேர்வதற்குள் பாறையிலுள்ள உயிர்களில் ஒரு பகுதி இறந்துவிடும். அவை அழுகி அம்மோனியாவைக் கிளப்பும். இந்த அழுகல் முடியும்வரை பாறையைத் தனி வாளியில் வைத்துப் பதப்படுத்தாமல் தொட்டியில் இறக்கினால் மீன்கள் தாங்கா. இரண்டாவது தொல்லை, அழைக்காமல் வரும் உயிரிகள். மான்டிஸ் இறாலும் சில வகை நண்டுகளும் சிறு மீன்களையும் நத்தைகளையும் வேட்டையாடும். ஐப்டேசியா என்னும் கடற்சாமந்தி அவற்றைவிட மோசமானது. பழுப்பு நிறத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் துளையொன்றில் நிற்கும்; விரல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்ளும்; சுரண்டி எடுத்தால், விடுபட்ட சிறு துண்டும் புதிய உயிரியாக வளரும். பாறையை வேகவைத்துப் பூச்சிகளைக் கொல்லும் யோசனை இன்னும் ஆபத்தானது. பாலிதோவா போன்ற சொவாந்திட் உயிரிகள் ஒட்டியிருந்தால், பாலிடாக்ஸின் என்னும் கடும் நஞ்சு நீராவியோடு கலந்து வீட்டிலுள்ளவர்களின் நுரையீரலைத் தாக்கும்.

உலர்பாறையின் முதல் வலிமை, அதில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும் என்பதே. பூச்சி இல்லை, நோய்க்கிருமி இல்லை. விலை குறைவு, அனுப்புவதும் எளிது. அவசரமின்றி மேசைமேல் அடுக்கிப் பார்த்து, சுத்தியலால் உடைத்து, பசையாலோ சிமெண்டாலோ ஒட்டி, குகையும் மேடையுமாக வேண்டிய வடிவம் தரலாம். உயிர்ப்பாறையை இவ்வளவு நேரம் காற்றில் வைத்திருந்தால் அதிலுள்ள உயிர்கள் செத்துவிடும்.

குறைகளும் குறைவல்ல. பாக்டீரியா புதிதாகக் குடியேற நான்கு முதல் எட்டு வாரங்கள்வரை ஆகலாம். அதுவரை மீன் விடாமல், அம்மோனியாவை அளந்து ஊற்றித் தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். கடலிலிருந்து எடுத்து உலர்த்திய பாறையில் காய்ந்துபோன உயிர்களின் எச்சம் ஒட்டியிருக்கும். அது மாதக்கணக்கில் ஃபாஸ்பேட்டைக் கசியவிட்டு முடிப்பாசிக்கு உரமாகும். சிமெண்டில் செய்த பாறை சுண்ணாம்பைக் கசியவிட்டு நீரின் காரத்தன்மையை உயர்த்தும். பல வாரங்கள் நன்னீரில் ஊறவைத்து, பிஎச் இறங்கிய பிறகே அது பயன்படும். தொட்டி இயங்கத் தொடங்கியதும் பழுப்பு டயாட்டம், முடிப்பாசி, சிவப்புப் படலமாகப் படியும் சயனோபாக்டீரியா என ஒன்றன்பின் ஒன்றாக வரும் அழுக்குக் காலம், வெற்றுப் பாறையில் நீண்டுபோகிறது. டைனோஃபிளாஜெல்லேட் என்னும் கொழகொழப்பான நுண்பாசி இதில் உச்சம். போட்டியிட வேறு உயிர்கள் இல்லாத, நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டியில் அது தழைக்கிறது. நீரை மேலும் மேலும் சுத்தமாக்குவது அதற்கு மருந்தாவதில்லை.

இரு தரப்பு விளம்பரத்தையும் சற்று ஒதுக்கியே பார்க்க வேண்டும். கடைத் தொட்டியில் சில வாரம் கிடந்த உலர்பாறையே லைவ் ராக் என்ற விலைக்கு விற்கப்படுவதுண்டு. அதில் பாக்டீரியா இருக்கும். பல்லுயிர் வளம் இராது. ஊதா வண்ணம் பூசிய உலர்பாறை கண்ணுக்குச் சுண்ணப் பாசி படர்ந்ததுபோல் தோன்றும். அந்த வண்ணத்தால் நீருக்குப் பயனில்லை.

சட்டமும் சூழலும் இந்தத் தேர்வில் பங்கு கொள்கின்றன. அழியும் ஆபத்துள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கற்பவளங்கள் இருப்பதால், உயிர்ப்பாறை வணிகமும் அதன் கட்டுக்குள் வருகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவை ஒட்டிய கடலில் இயற்கைப் பாறை எடுப்பது 1997-இல் முடிவுக்கு வந்தது. அதன்பின் குத்தகைக் கடற்பரப்பில் சுண்ணாம்புக்கல்லை இட்டு, உயிர்கள் படிந்தபின் எடுத்து விற்கும் வளர்ப்பு முறை அங்கே நிலைத்தது. இந்தியாவில் கற்பவளங்கள் 2001-இல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டியெடுக்கப்பட்ட மன்னார் வளைகுடாவில் இன்று அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைத் தொட்டிக்குக் கொண்டுவருவதற்கும் சட்டத்தில் இடமில்லை. எனவே தமிழ்நாட்டில் தொட்டி வைப்பவர் பீங்கான் அல்லது சிமெண்டில் செய்த பாறையையே முதலில் நாட வேண்டியிருக்கிறது.

தொட்டி சிறியதாவதால் நிறைகளும் குறைகளும் இடம் மாறுகின்றன. இறந்துபோன ஒரே அளவு உயிர், 600 லிட்டர் நீரில் உண்டாக்கும் அம்மோனியா அடர்த்தியைப்போல் பத்து மடங்கை 60 லிட்டரில் உண்டாக்கும். பெரிய தொட்டியில் கண்ணில் படாமல் வாழும் ஒரு மான்டிஸ் இறால், சிறு தொட்டியை ஒரு மாதத்தில் காலிசெய்துவிடலாம். லிட்டருக்கு 120 முதல் 180 கிராம் என்ற பழைய கணக்குப்படி 60 லிட்டருக்கு 7 முதல் 11 கிலோ பாறை போதும் என்பதால், உலர்பாறையால் மிச்சமாகும் பணமும் பெரிதன்று. ஆக, விலையை வைத்து இங்கே முடிவெடுக்கத் தேவையில்லை. தவறு நேர்ந்தால் திருத்த முடியுமா என்பதே உரைகல். உலர்பாறையில் இல்லாத உயிரைப் பின்னர் சேர்க்கலாம். கசியும் ஃபாஸ்பேட்டை முன்கூட்டியே போக்கலாம். பாறையோடு வந்து இனம் பெருக்கிய ஐப்டேசியாவை முழுமையாக நீக்குவதோ, தொட்டியைப் பிரித்தாலன்றி, மிகக் கடினம்.

இந்த அளவுகோலின்படி பாறையில் பெரும்பகுதி உலர்பாறையாக இருப்பதே நல்லது. அதை உப்புநீர் நிறைந்த வாளியில், வெளிச்சம் படாமல், சிறு பம்பும் ஹீட்டரும் இட்டு ஊறவைத்து, வாரந்தோறும் ஃபாஸ்பேட்டை அளந்து, அளவு உயரும்போதெல்லாம் நீரை மாற்ற வேண்டும். அளவு இறங்கி நிலைத்தபின் தொட்டியில் அடுக்கி, பாக்டீரியா குடியேறி நைட்ரஜன் சுழற்சி நிலைபெற்றதும், நெடுநாள் நன்றாக இயங்கும் நம்பகமான ஒரு தொட்டியிலிருந்து முறைப்படி கிடைத்த கையளவு உயிர்ப்பாறையைச் சேர்க்கலாம். அந்தத் துண்டை முதலில் தனி வாளியில் சில வாரம் வைத்து, இரவில் டார்ச் அடித்துப் பார்த்துப் பூச்சி இல்லை என உறுதிசெய்வது அவசியம். முழுக்க உயிர்ப்பாறை வைப்பது, வளர்ப்புப் பாறை சட்டப்படி கிடைக்கும் ஊரில், பூச்சிகளை அடையாளம் காணும் பழக்கம் உள்ளவருக்கே பொருந்தும். முதன்முறையாகச் சிறு தொட்டி வைப்பவருக்கு உலர்பாறையே அடித்தளம். உயிர்ப்பாறை அதற்கு இடும் விதை அளவில் இருந்தால் போதும்.