மறுக்கத் தெரிந்த கட்டளை

யூனிக்ஸின் 'ஆர்எம்' கட்டளைக்குப் பொதுவாகக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. சொன்ன கோப்பை அழித்துவிட்டுச் சும்மா இருக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதத் தொடங்கிய, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளிலும் அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு. ஆனால் அதன் சுபாவம் வேறு. கடைசியாகக் கமிட் செய்த, அதாவது வரலாற்றில் பதிந்த, வடிவிலேயே கோப்பு இருந்தால் மறுபேச்சின்றி நீக்கிவிடும். பழைய பிரதிதான் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறதே! அதற்குப் பிறகு ஒரு வரி திருத்தியிருந்தாலும் மறுத்துவிடும். அந்தத் திருத்தம் வேறெங்கும் இல்லை என்பது அதற்குத் தெரியும். 'என் வட்டில் கோப்பு இருக்கட்டும், கண்காணிப்பை மட்டும் நிறுத்து' என்றால் 'கேஷ்டு' என்ற தெரிவு. அழித்தே தீர வேண்டுமென்றால் 'எஃப்'. மறுக்கும்போதே இந்த இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறது. வீட்டுப் பெரியவர் போல, தடுத்தாலும் காரணத்தோடு தடுக்கிறது.

'கிட் கிளீன்' இன்னும் கறார். அது துடைப்பது கண்காணிப்பில் இல்லாத கோப்புகளை, அதாவது மீட்கவே வழியில்லாதவற்றை. அதனால் வற்புறுத்தாமல் கையை அசைக்காது.

இவ்வளவு நிதானம் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்றால், இல்லை. கோப்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் 'ரெஸ்டோர்', 2019இல்தான் வந்தது. கமிட் செய்யாத திருத்தங்களை அது ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கியெறிகிறது. அண்ணனான கிட் 'ஆர்எம்'மிடம் நிதானத்தைக் கற்றிருக்கலாம்.