எத்தனையாவது சவாரி?

தம்புள்ளையிலிருந்து திருகோணமலை வீதியில் சென்று இனாமலுவைச் சந்தியில் திரும்பினால் சீகிரியா. 1982 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் குன்றைப் பார்க்க வருகிறவர்களில் ஒரு பகுதியினர் யானையின் முதுகிலும் ஏறிவிட்டே திரும்புகிறார்கள். மாத்தளை மாவட்டத்தின் இந்த வட மூலையிலும், மாவட்ட எல்லைக்கு அப்பால் ஹபரணையிலும் யானைச் சவாரி பல ஆண்டுகளாக வேரூன்றிய தொழில். குளக்கரையோரம் ஒரு நடை, பற்றைக்காட்டுக்குள் ஒரு சுற்று, தண்ணீரில் கொஞ்ச நேரம், படம் பிடிக்க ஓர் இடம். அத்துடன் சவாரி முடியும், அடுத்தவர் ஏறுவார். அந்த யானைக்கு அது அன்றைய எத்தனையாவது சவாரி என்று ஏறுகிறவர் கேட்பதில்லை. கேட்டாலும் எடுத்துக் காட்டப் பாகனிடம் ஏடு எதுவும் இருப்பதில்லை. இந்தத் தொழிலின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது என் முடிவு. அங்குசத்தையும் சங்கிலியையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எண்ணிக்கையைப் பற்றிப் பேசத் தொடங்கவேயில்லை.

கனகொட்டா என்ற யானை சீகிரியாவில் பயணிகளைச் சுமந்துகொண்டிருந்தபோது சரிந்து விழுந்து இறந்தது. அதற்கு வயது 18. அறுபதையும் தாண்டி வாழக்கூடிய ஓர் உயிருக்கு அது இளம் வயது. முந்தைய நாள் பெரஹெர ஊர்வலத்தில் நடந்ததாகவும், அன்று மூன்று சவாரிகளை முடித்து நான்காவதில் விழுந்ததாகவும் அப்போதைய செய்திகள் தெரிவித்தன. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. ஆனால் அந்தச் செய்தியில் நாம் கூர்ந்து படித்திருக்க வேண்டியது அதன் வரிசை: ஊர்வலம், பிறகு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இவற்றில் எதுவும் தனியாக ஒரு யானையைக் கொல்லாது. ஊர்வலத்துக்கும் சவாரிகளுக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய ஓய்வு இல்லாமற்போனதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு விலங்கிடம் எவ்வளவு வேலை வாங்கலாம் என்ற கேள்வியோடு மிக நீண்ட காலம் மல்லுக்கட்டிய துறை குதிரைப் பந்தயம். நமக்கு அது தொலைவான விடயமல்ல. நுவரெலியாவில் தோட்டத்துரைமார் 1875 இல் தொடங்கிய பந்தயத் திடலில் இன்றும் ஏப்ரல் வசந்த காலத்தில் ஆளுநர் கிண்ணத்துக்காகக் குதிரைகள் ஓடுகின்றன. பந்தயக் குதிரைக்குப் பெயர் உண்டு, வம்சாவளி உண்டு. கடைசியாக எந்த நாளில், எவ்வளவு தூரம், எவ்வளவு எடை சுமந்து ஓடியது என்ற பதிவும் உண்டு. பணம் கட்டுகிறவர்களின் வசதிக்காகப் பிறந்த பதிவு அது. ஆனால் குதிரையின் நலனைப் பற்றி யாராவது ஆராயப் புகுந்தபோது, கையில் எடுக்க ஏதோ ஒன்று இருந்தது.

அந்தப் பதிவு சொல்லும் முதல் பாடம், வெறும் எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது. ஹங்கேரியின் கின்செம் 1876 முதல் 1879 வரை 54 பந்தயங்களில் ஓடி ஐம்பத்து நான்கையும் வென்றது. இங்கிலாந்தின் பிராங்கல் மூன்று பருவங்களில் 14 முறை மட்டுமே ஓடியது; அதுவும் தோற்றதில்லை. அமெரிக்காவில் 1960 இல் ஒரு குதிரை ஆண்டுக்குச் சராசரியாகப் பதினொரு தடவை ஓடியது; அண்மைக் காலத்தில் அது ஆறளவாகக் குறைந்துவிட்டது. ஓட்டம் குறைந்ததால் குதிரைகள் உறுதியாகிவிட்டன என்று சொல்ல எவரும் துணியவில்லை. காரணம் எலும்பில் இருக்கிறது. வேகமாக ஓடும்போது கால் எலும்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. உடல் பழுதான பகுதியை முதலில் கரைத்து எடுக்கிறது. புதிய எலும்பை அதன் பிறகே நிரப்புகிறது. இந்த இடைப்பட்ட நாட்களில் கால் முன்பைவிட நொய்மையாக இருக்கும். அப்போது மீண்டும் ஓட்டினால் முறியும். நீண்ட நாள் கட்டிப்போட்டு வைத்துவிட்டுத் திடீரென ஓட்டினாலும் ஆபத்துதான். ஆகவே கேட்க வேண்டியது எத்தனை ஓட்டம் என்பதோடு, எந்த இடைவெளியில், எந்த வேகத்தில் என்பதும்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. அமெரிக்கத் திடல்களில் ஆயிரம் ஓட்டங்களுக்கு எத்தனை குதிரைகள் காயத்தால் இறக்கின்றன என்ற கணக்கு 2009 இல் 2.00 ஆக இருந்தது. 2022 இல் 1.25 ஆக இறங்கியது. அதுவும் அதிகம் என்பதே என் கருத்து. பந்தயத்தை நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு மரணமும், அதற்கு முன் ஓடிய ஒவ்வொரு ஓட்டமும் ஏட்டில் ஏறியதால்தான் எந்தத் தரையில், எந்த இடைவெளியில் ஆபத்துக் கூடுகிறது என்று பார்க்க முடிந்தது. சீகிரியாவில் அந்த முதல் படியே இல்லை.

யானை ஓடுவதில்லை, நடக்கத்தானே செய்கிறது என்பார்கள். உண்மைதான். அதன் ஆபத்து எலும்பைவிட வெப்பத்தில் இருக்கிறது. குதிரைக்கு உடல் முழுவதும் வியர்க்கும். யானைக்கு நகங்களை ஒட்டிய பகுதியைத் தவிர வியர்வைச் சுரப்பிகள் இல்லையென்றே சொல்லலாம். காதை வீசியும், நீரையும் சேற்றையும் மேலே இறைத்துக்கொண்டும்தான் அது சூட்டைத் தணிக்கிறது. பகலில் உடலில் சேரும் வெப்பத்தில் பெரும் பங்கை இரவின் குளிர்ச்சியில்தான் வெளியேற்றும். உலர் வலயத்து வெயிலில் பகல் முழுதும் சுமந்த யானையை இரவில் தீப்பந்தங்களுக்கு நடுவே ஊர்வலத்தில் நடத்துவது, அந்த ஒரே வாய்ப்பையும் பறிப்பது. உணவும் அப்படித்தான். காட்டில் ஒரு நாளின் பெரும் பகுதியை மேய்ந்தே கழிக்கும் விலங்கு இது. 150 கிலோகிராமுக்கும் மேல் பச்சைத் தழை வேண்டும். சவாரியில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் மேய்ச்சலிலிருந்து எடுக்கப்படுகிறது.

இந்தத் தொழிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதை அலட்சியப்படுத்தவும் கூடாது. தனியாரிடம் வளரும் யானையைக் காட்டில் விட்டால் பிழைக்குமா என்பது பெரும் கேள்வி. காட்டு யானைகளுக்கே இடம் போதாமல் தம்புள்ளைப் பக்கத்து வயல்களிலும் சேனைகளிலும் மோதல் நடக்கிறது. தீனிக்கும், வைத்தியத்துக்கும், பாகனின் சம்பளத்துக்கும் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். மரம் இழுக்கும் வேலையோடு ஒப்பிட்டால் குளக்கரை நடை இலகுவானது. நடப்பதே யானைக்கு நல்லதும்கூட: நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிக் கிடக்கும் யானைக்குப் பாத நோயும் ஊளைச்சதையும் வரும். பாகன்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். யானையின் கண்ணீரையும் சாணத்தையும் பார்த்தே உடல்நிலை சொல்லக்கூடிய பாகன்கள் உண்டு; அந்த அறிவுக்கு இந்தத் தொழிலில் தனியாக ஊதியம் இல்லை.

இங்கேதான் நன்மை தீமையாகத் திரும்புகிறது. வருமானம் சவாரிக்குச் சவாரி வருகிறது. யானை படுத்திருக்கும் நேரத்துக்கு எவரும் பணம் தருவதில்லை. பயணிகள் குவியும் நாளில் உழைத்தால்தான் ஆளில்லாத மாதங்களுக்குத் தீனி என்ற நெருக்கடியில், இன்னும் ஒரு சுற்று என்று சொல்வது உரிமையாளருக்கு எளிது. மறுப்பது பாகனுக்குக் கடினம். நல்ல மனம் படைத்த உரிமையாளரும் இந்தக் கணக்குக்குள் சிக்கிக்கொள்வார். கொடுமை செய்யும் எண்ணமே இல்லாமல் கொடுமை நடக்கும் வழி இது.

சட்டம் என்ன செய்தது? 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபா. 2021 ஓகஸ்டில் வர்த்தமானியில் வெளியான விதிகள் அதைவிட வெகு தூரம் முன்னேறியவை. வேலை யானைக்கு நாளுக்கு நான்கு மணி நேர வரம்பு, இரவு வேலைக்குத் தடை, பயணிகள் நால்வருக்கு மேல் ஏறக்கூடாது, மெத்தை வைத்த இருக்கை, நாள்தோறும் இரண்டரை மணி நேரக் குளிப்பு, ஆறு மாதத்துக்கொரு வைத்தியப் பரிசோதனை, குட்டிகளை வேலைக்கு எடுக்கக்கூடாது, கடமையில் பாகன் குடிக்கக்கூடாது. படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் நால்வர் என்றால் ஏறத்தாழ 260 கிலோகிராம்; இருக்கையும் பாகனும் வேறு. அந்த நால்வரும் காலை ஏழு மணிக்கு ஏறுவதும் உச்சி வெயிலில் ஏறுவதும் ஒன்றல்ல. நான்கு மணி நேரம் ஆனதை யார் பார்ப்பது? ஆறு மாதத்துக்கொரு முறை வரும் வைத்தியருக்கு நேற்று நடந்தது தெரியாது.

முற்றாக நிறுத்திவிடலாம் என்போருக்குக் கம்போடியாவின் அங்கோர் ஒரு முன்மாதிரி. 2016 ஏப்ரலில், நாற்பது பாகை வெப்பத்தில் பயணிகளைச் சுமந்த சம்போ என்ற பெண் யானை அங்கே விழுந்து இறந்தது. 2020 தொடக்கத்தோடு சவாரி நின்றது, யானைகள் காட்டுக்கு மாற்றப்பட்டன. அங்கே போவதற்குக் காடு இருந்தது. யானைகளும் பதினான்குதான், ஒரே குழுவின் பொறுப்பில் இருந்தன. இங்கே யானைக்கொரு உரிமையாளர். நாளையே தடை வந்தால் அவற்றில் பல கொல்லைப்புறச் சங்கிலிக்கே போகும் என்று அஞ்சுகிறேன். தடைக்குப் பதில் ஓய்வு என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு: தமிழ்நாட்டில் 2003 இல் முதுமலையில் தொடங்கிய கோயில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் 48 நாட்கள் நடந்துவந்தது. ஓய்வும் யானையின் உரிமை என்று ஓர் அரசு ஏற்றது நல்ல செய்தி. ஆனாலும் மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களின் களைப்பை அது தீர்க்கவில்லை. ஓய்வு அன்றன்றைக்கு வேண்டும்.

என் வரையில், முதுகில் ஏறும் சவாரி படிப்படியாக முடிவுக்கு வரட்டும். யானையோடு கூட நடப்பதற்கும் அது குளிப்பதைப் பார்ப்பதற்கும் அதே பணத்தை வாங்கலாம். அதுவரை ஒவ்வொரு யானைக்கும் ஓர் ஏடு வேண்டும். ஏறிய நேரம், இறங்கிய நேரம், ஆட்கள், குளித்த நேரம், முந்தைய இரவு ஊர்வலத்துக்குப் போனதா என்பது. பாகன் எழுதட்டும், பயணி கையெழுத்திடட்டும், வனசீவராசிகள் திணைக்களம் எந்த நாளிலும் கேட்டுப் பார்க்கட்டும். முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையே சவாரி கூடாது. பெரஹெரவில் நடந்த யானைக்கு மறுநாள் முழு ஓய்வு. பாகனுக்கு மாதச் சம்பளம் தரப்பட வேண்டும். சவாரிக்கு இவ்வளவு என்று கொடுக்கும் வழக்கம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அதை நிறுத்த வேண்டும். அந்த வழக்கம் தொடர்ந்தால் ஏட்டில் பொய்தான் எழுதப்படும். இதற்குப் புதிய சட்டமூலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சீகிரியாவுக்கு ஆட்களை அழைத்து வரும் விடுதிகளும் பயண முகவர்களும், ஏடு இல்லாத யானையிடம் எங்கள் விருந்தினரை அனுப்பமாட்டோம் என்று சொன்னால், அடுத்த பருவத்துக்குள்ளேயே எழுதத் தொடங்கிவிடுவார்கள்.