தொனியும் ஒரு அடைப்புக்குறியும்

இன்டர்நெட்டின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் சரித்திரத்தையே எழுதுகிறார்கள். 1969 அக்டோபர் 29ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்ப முயன்றது. முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கம்ப்யூட்டர் நின்றுபோனது. 1983 ஜனவரி 1இல் ஆர்ப்பாநெட் புதிய விதிமுறைக்கு மாறியது என்று இப்படி. தகவல்கள் சரியானவையே. ஆனால் அந்தக் கம்பிகளில் வெகுகாலம் போய்க்கொண்டிருந்ததில் பெரும்பகுதி வெறும் எழுத்து. மனிதர்கள் மனிதர்களுக்கு எழுதிய உரைநடை. உரைநடை என்றால் அது விமர்சகனின் பார்வைக்கு வரவேண்டிய விஷயம். நம்மிடையே வரவில்லை.

இரண்டு பிரதிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் இலக்கியம் அல்ல. இலக்கியம் என்று எழுதியவர்கள் நினைத்ததும் இல்லை.

முதலாவது, ஸ்டீவ் க்ராக்கர் என்ற பட்டமேற்படிப்பு மாணவர் 1969 ஏப்ரலில் தொடங்கிவைத்த குறிப்பு வரிசை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை வகுக்க வேண்டியிருந்தது. வகுக்க உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள், அதிகாரம் இல்லாதவர்கள். விதி என்று பெயரிடத் தயங்கி, ‘ரிக்வெஸ்ட் ஃபார் கமெண்ட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அபிப்பிராயம் கேட்டு ஒரு விண்ணப்பம். வரிசையின் மூன்றாவது குறிப்பு எப்படி எழுதலாம் என்பதைச் சொல்கிறது: மெருகேற்றக் காத்திருக்க வேண்டாம்; உதாரணமில்லாத தத்துவமும் வரலாம்; பதிலில்லாத கேள்வியும் வரலாம்; ஒரே ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம்.

இந்தத் தயக்கம் ஒரு பாவனையாக நின்றுவிடாமல் உருவமாகவே ஆகியிருக்கிறது என்பதுதான் முக்கியம். வெளியான குறிப்பை யாரும் திருத்த முடியாது. தவறு தெரிந்தால் புது எண்ணில் புதுக் குறிப்பு எழுத வேண்டும். பழையது காலாவதியானது என்ற அடையாளத்தோடு அப்படியே இருக்கும். வங்கியில் வேலை செய்கிறவனுக்கு இது பழக்கமான நியாயம். தப்பான பதிவைச் சுரண்டி அழிக்கக்கூடாது. எதிர்ப்பதிவு போட வேண்டும். தப்பும் திருத்தமும் இரண்டும் படிக்கக் கிடைக்க வேண்டும். லெட்ஜர் கம்ப்யூட்டருக்குள் போன பிறகும் இதுதான் முறை. பல ஆயிரம் எண்களைத் தாண்டிவிட்ட அந்த வரிசை, ஒரு கூட்டம் தன் மனதை மாற்றிக்கொண்ட விதத்தை மறைக்காமல் வைத்திருக்கிறது.

இரண்டாவது பிரதி 1982 செப்டம்பர் 19ஆம் தேதியிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் வழியே எல்லோரும் எழுதிப் படிக்கும் பலகை ஒன்று இருந்தது. அறுந்து விழும் லிஃப்டுக்குள் ஒரு சொட்டுப் பாதரசம் என்ன ஆகும் என்ற விளையாட்டுக் கேள்வியிலிருந்து, லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது என்று யாரோ வேடிக்கையாக எழுதப்போக, சிலர் அதை நிஜ எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள். அதையொட்டி ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனை சொன்னார். முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் போட்டு, தலையைச் சாய்த்துப் படிக்கச் சொன்னார். சிரிக்கும் முகம். வேடிக்கைக்கு அது அடையாளம். அதே மூச்சில் அவர் சொன்ன இன்னொன்றை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை: நடப்பதைப் பார்த்தால், வேடிக்கையல்லாதவற்றுக்கு அடையாளம் போடுவதுதான் சிக்கனம் என்றார். அதற்கு அடைப்புக்குறியைத் திருப்பிப் போட்டார்.

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. கடிதம் எழுதியவர்களுக்கு இந்தக் குறி தேவைப்படவில்லை. படிப்பவர் எழுதியவரை அறிவார். கதை எழுதியவர்களுக்கும் தேவைப்படவில்லை. முன்பின் தெரியாதவனுக்கும் தொனி எட்டும்படி வாக்கியத்தை அமைத்தார்கள். பலகையில் எழுதியவர்கள் பேசுகிற வேகத்தில் எழுதினார்கள். அது அச்சைப் போலப் படிக்கப்பட்டது. இந்த இடைவெளியில் தொனி விழுந்துபோயிற்று. விழுந்ததை எடுத்து வாக்கியத்துக்குள் வைக்காமல், வாக்கியத்தின் முடிவில் தொங்கவிட்டார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளில் நகையை முதலாவதாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் நான்கு என்கிறது. எள்ளலில் பிறக்கும் சிரிப்பும் பேதைமையில் பிறக்கும் சிரிப்பும் ஒன்றல்ல என்ற பிரக்ஞை அதில் இருக்கிறது. அடைப்புக்குறிக்கு எல்லாம் ஒன்று.

இன்னொரு விஷயம். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் திட்டமிட்ட யூஸ்நெட்டில், எழுதியது சில நாள் அல்லது சில வாரம் இருக்கும்; வட்டில் இடமில்லாததால் அழிந்துபோகும். அந்த நம்பிக்கையில் பலரும் பேச்சாகவே எழுதினார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் காந்த நாடாக்களில் சேர்ந்திருந்தவை உள்பட இருபது வருஷத்து எழுத்தை 2001 டிசம்பரில் கூகிள் யாரும் தேடிப் படிக்கும்படி வெளியிட்டது. ஃபால்மனின் குறிப்பும் தொலைந்துபோய், 2002இல் பழைய நாடாவிலிருந்துதான் மீட்கப்பட்டது. காற்றில் போகட்டும் என்று சொன்னது சாசனமாகிவிட்டது. இன்று நிலைமை இதற்கு நேர்மாறு: சாசனம் போலச் சொன்னதை மறுநாள் சுவடில்லாமல் மாற்றிவிட முடிகிறது. எது பேச்சு, எது எழுத்து என்பதை எழுதுகிறவன் தீர்மானிக்க முடியாத ஸ்திதி.

சிறுபத்திரிகையின் வாரிசு இன்டர்நெட் என்று நம் நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். தபால் செலவில்லை, அச்சுக்கூலி இல்லை, ஆசிரியர் இல்லை என்பது அவர்களுடைய காரணம். இவை இல்லாமல் போனது வசதி. வசதி ஒரு மதிப்பீடு ஆகாது. சிறுபத்திரிகை விமர்சனத்துக்கு ஏதாவது கௌரவம் உண்டென்றால், அது இரண்டு காரணங்களால்: வாக்கியம் தன் பொருளைத் தானே சுமந்தது; போன இதழில் சொன்னதை இந்த இதழில் மறுத்தால், இரண்டு இதழும் படிப்பவன் கையில் இருந்தன. க்ராக்கரும் அவருடைய சகாக்களும் நம்மைக் கேள்விப்படாமலேயே இந்த இரண்டாவது ஒழுக்கத்தைக் கம்பிக்குள் கொண்டுபோனார்கள். நாம் கொண்டுபோனது பெரும்பாலும் அடைப்புக்குறியை.

இப்போது நம்மில் ஒருவர் மற்றவரின் கவிதையைப் பற்றி எழுதும்போது கடிந்ததா, கிண்டலா, பாராட்டா என்று தெரியாதபடி எழுதிவிட்டு, கேட்டால் வேடிக்கைக்குச் சொன்னேன் என்கிறார். பிறகு அந்த வரியையும் எடுத்துவிடுகிறார். இதற்கு ஊடகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதே ஊடகத்தில்தான் எண்ணிட்ட அந்தக் குறிப்புகளும் 1969லிருந்து ஒரு வரி அழியாமல் இருக்கின்றன.