படகு மூழ்கிய பிறகு

எழுத வரவில்லை என்று யாராவது புலம்பினால், "ஃபிட்ஸ்ஜெரால்டு அறுபது வயசுலதானே நாவல் எழுத ஆரம்பிச்சாங்க, உனக்கென்ன அவசரம்?" என்று நானே பலமுறை ஆறுதல் சொல்லியிருக்கிறேன். பெனலப்பி ஃபிட்ஸ்ஜெரால்டைச் சொல்கிறேன், கேட்ஸ்பி எழுதிய அமெரிக்கர் வேறு. 'ஆஃப்ஷோர்' நாவலை மறுபடி வாசித்த பிறகு அந்த ஆறுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

கணக்கென்னவோ சரிதான். பிறந்தது 1916இல். முதல் நாவல் 1977இல். இரண்டே வருடத்தில் புக்கர் பரிசு. ஆனால் அவர் சும்மா இருந்துவிட்டு வந்தவர் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வகுப்பு. அப்பா 'பஞ்ச்' இதழின் ஆசிரியர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கணவர் டெஸ்மண்டோடு சேர்ந்து ஓர் இலக்கிய இதழை நடத்தினார், அது நின்றுபோனது. டெஸ்மண்ட் போரிலிருந்து திரும்பியவர், குடி பிடித்துக்கொண்டது, காசோலை மோசடியில் மாட்டி வழக்கறிஞர் தொழிலை இழந்தார். மூன்று பிள்ளைகளோடு தேம்ஸ் நதியில் 'கிரேஸ்' என்ற பழைய படகில் குடியிருந்தார்கள். அதுவும் மூழ்கியது. பிறகு மாநகராட்சிக் குடியிருப்பு, டீச்சர் வேலை, கட்டுக்கட்டாக விடைத்தாள்கள்.

'ஆஃப்ஷோர்' நாவலில் நென்னா இரண்டு பெண் குழந்தைகளோடு வசிக்கும் படகின் பெயரும் கிரேஸ்தான். கணவன் எட்வர்ட் அங்கே வந்து வாழ மறுக்கிறான். நீர் வற்றும்போது சிறுமிகள் சேற்றில் இறங்கிப் பழைய அலங்கார ஓடுகளைத் தேடியெடுத்துக் கடையில் விற்றுவிட்டு வருகிறார்கள். வறுமை என்ற சொல்லே தேவைப்படவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது அந்தக் காட்சி. ஆனால் என்னை உட்காரவைத்தது வேறு இடம். தன் வாழ்க்கையில் நடந்த மூழ்கலை ஃபிட்ஸ்ஜெரால்டு தன் சாயலுள்ள நென்னாவுக்குத் தரவில்லை. படகு ஒழுகுவதை மறைத்து எப்படியாவது விற்றுவிடப் பார்க்கும் வயதான ஓவியர் வில்லிஸுக்குத் தருகிறார். தனக்கு வரவேண்டிய அனுதாபத்தை ஒரு சின்ன மோசடிக்காரருக்குக் கொடுக்கிறார். நாமும் அவருக்காக வருத்தப்படுகிறோம்.

இந்தக் கை அறுபது வயதில் திடீரென்று வந்திருக்காது. விடைத்தாள் திருத்திய வருடங்களைக் 'காத்திருப்பு' என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம், நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வசதியான பொய்யும்கூட.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். எட்வர்ட் எலும்பும் தோலுமாக நிற்கிறான். எல்லோரையும் இரண்டு வரியில் உயிரோடு நிறுத்துபவர், கணவன் என்று வந்ததும் தடுமாறுகிறார். கோபமா, காப்பாற்றுகிறாரா? கடைசியில் எட்வர்ட் வருகிறான், குடித்துவிட்டு, பக்கத்துப் படகுக்கு. புயலில் கட்டு அறுந்து அது நீரோட்டத்தோடு போகிறது. நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது.

டெஸ்மண்ட் 1976இல் இறந்தார். நோயில் கிடந்த அவரைச் சிரிக்கவைக்கத்தான் முதல் நாவலையே எழுதத் தொடங்கினாராம், அது ஒரு துப்பறியும் கதை.