குருதிப் பெருமையும் விஞ்ஞானக் கனவும்

ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி 2011ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படம், உயிர்த்தொழில்நுட்பத்தின் நாளைய பயன் ஒன்றைக் கற்பனை செய்து காட்டிற்று. பல்லவ இளவரசன் போதிதர்மனின் வழித்தோன்றல் ஒரு சர்க்கஸ் இளைஞன். அம்முன்னோனின் ஆற்றலை அவனிடம் எழுப்ப முயல்கிறாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி. பகை நாடு ஏவிய கொள்ளைநோயை எதிர்க்க அதுவே வழி என்கிறது படம்.

மரபணு என்னும் சொல்லைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டு சென்றது இப்படத்தின் நற்பணியே. எமது பாடநூல்கள் பரம்பரையலகு என்று கூறும் அதனைக் கற்பிக்கப் புகுந்தால், மாணவர் முதலில் கேட்பது போதிதர்மனைப் பற்றித்தான்.

ஆயின் அக்கற்பனையின் உட்பொருள் யாது? பயின்று பெறும் கலை குருதியில் உறங்குகிறது என்பதே. இது விஞ்ஞானமன்று. பரம்பரையலகுகள் உடலின் புரதங்களை ஆக்கும் குறிப்புகளைத் தாங்குகின்றன. ஒருவன் கற்ற போர்க்கலையும் மருத்துவமும் அவற்றில் எழுதப்படுவதில்லை. பத்துத் தலைமுறை பின்னே சென்றாலே ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 1024. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு அப்பால் ஒரே முன்னோனைத் தெரிந்தெடுத்துப் பெருமை கொள்வது எங்ஙனம்? பிறப்பே தகுதி என்னும் பழைய வாதம் இங்கே ஆய்வுகூட அங்கி அணிந்து வருகிறது.

தில்லையடியிலிருந்து எழுதும் எமக்கு இது வெறும் தர்க்கப் பிழையன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் இங்கே குடியேறினர். பிறப்பைக் கொண்டு மனிதரை வகுப்பதன் கொடுமையை இவ்வூர் அறியும். கையிற் பொருளின்றி வந்தோர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினர், ஆசிரியர் கற்பித்தனர். அறிவு கைமாறும் வழி அதுவே.

விஞ்ஞானக் கற்பனையே வேண்டாமென்பதன்று எமது வாதம். எமது வடமேல் மாகாணத்துக் குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் உண்டு. பரம்பரையாக வரும் அந்நோயுற்ற குழந்தைகள் மாதந்தோறும் பிறர் குருதியால் உயிர் வாழ்கின்றனர். கொடுத்தவரின் குலத்தை அவர்கள் கேட்பதில்லை. குருதியை ஆக்கும் கலங்களை நோயாளியிடமிருந்து எடுத்து, பரம்பரையலகைத் திருத்தி, மீண்டும் அவர் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு 2023இல் பிரித்தானியா அனுமதி வழங்கியது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்!

அச்சிகிச்சை ஒரு மீனவனின் மகளுக்கு எப்போது கிட்டும்? அது யாருடைய உடைமை? நாளைய உயிர்த்தொழில்நுட்பத்தைக் கற்பனை செய்யும் தமிழ்க் கலைஞன் எழுப்ப வேண்டிய வினாக்கள் இவையே. இறந்த இளவரசனை எழுப்பியது போதும். வாழ வேண்டிய குழந்தையைப் பற்றி எழுதுவோம்.