அட்லாண்டா வழியும் ஆவடி வழியும்

நோய் பரவும் இடத்துக்கே போய்க் காரணத்தைத் துப்பறியும் மருத்துவர்களை உருவாக்கும் மரபுக்கு மூலம் எது என்றால் அமெரிக்காவின் அட்லாண்டாவைத்தான் காட்டுவார்கள். அங்கே 1951-இல் அலெக்சாண்டர் லாங்மியூர் தொடங்கிய கொள்ளைநோய்ப் புலனாய்வுச் சேவையின் பயிற்சிமுறை 1975-இல் கனடாவுக்கும் 1980-இல் தாய்லாந்துக்கும் போயிற்று. 1997-இல் இத்தகைய திட்டங்களை இணைக்கும் டெஃபிநெட் என்ற உலக அமைப்பு உருவானது. இப்போது அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001-இல் தொடங்கிய இரண்டாண்டுப் பட்டப்பயிற்சியையும் அந்தக் கொடியின் ஒரு கிளை என்றே எழுதிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். அந்த நிறுவனமே 1999-இல் இரண்டு பழைய அமைப்புகள் இணைந்து பிறந்தது: ஒன்று, ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப்பிரிவு, மற்றது, சென்னையின் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனம். தொழுநோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் தொழுநோய்த் தடுப்பூசிகளைச் சோதித்த ஆவடிப் பிரிவு, அதே ஆட்களை ஆண்டுகள் கழித்தும் வீடு வீடாகத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. அட்லாண்டா வழி திடீர் நோய்க்கு ஓடும் வேகத்தைக் கற்றுத்தந்தது; ஆவடி வழி, கணக்கில் ஒருவரும் விடுபடாத பொறுமையை. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் ஓட்டம் என்பது என் கணிப்பு.

அயலார் அச்சில் நம் அதிகாரிகளை வார்க்கிறோம் என்ற குறை அடிக்கடி எழுகிறது. பயிற்சியின் உள்ளே பார்த்தால் அது நிற்காது. வகுப்பு அதில் ஒரு பகுதிதான். மீதிக் காலம் பெரும்பாலும் மாணவரின் சொந்த மாவட்டத்தில் கழிகிறது. ஒரு கிராமத்தில் வயிற்றுப்போக்கு பரவினால், யாரை நோயாளி என்று எண்ணுவது என்ற வரையறையை முதலில் எழுத வேண்டும். நோய் வந்தவரிடம் மட்டுமல்ல, வராதவரிடமும் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்க வேண்டும். இரு தரப்பையும் ஒப்பிடாமல் மேல்நிலைத் தொட்டியைக் குற்றம் சொல்வது வெறும் ஊகம். அத்தகைய அறிக்கையைப் பேராசிரியர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அனுப்பவும் வேண்டும். இந்த ஒழுங்கு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை.

இதே மரபில் வட்டார ஊழியருக்குத் தரும் மூன்று மாத அடிப்படைப் பயிற்சி தரத்தைக் குறைக்கிறது என்பாரும் உண்டு. ஆனால் முதல் நோயாளியைக் கவனிப்பவர் வட்டார அளவிலுள்ள ஊழியர்; அவர் தகவல் சொல்லாவிட்டால் இரண்டாண்டு படித்தவருக்கு வேலையே இல்லை. எனக்குள்ள கவலை வேறு. டெஃபிநெட் 2016 முதல் தரும் அங்கீகாரம், பயிற்சித் திட்டத்தின் தரத்தைத்தான் அளக்கிறது. படிப்பு முடித்து ஊர் திரும்பியவருக்கு எந்த நாற்காலி கிடைக்கும் என்பது அதன் எல்லைக்கு வெளியே. 1939-ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட தமிழகத்தில் பொது சுகாதாரத்துக்கெனத் தனிப் பணிநிரை உண்டு. திரும்பிவரும் அதிகாரிக்கு அதே துறையில் இடம் இருக்கிறது. அத்தகைய பணிநிரை இல்லாத மாநிலத்திலிருந்து வந்தவரோ அடுத்த இடமாற்ற ஆணையிலேயே மருத்துவமனை நிர்வாகத்துக்குப் போய்விடலாம். அங்கே அவர் எழுதக் கற்ற நோய்க் கண்காணிப்பு அறிக்கையை யாரும் கேட்கப்போவதில்லை.