தடுக்க முடியாது, கற்றுத்தரவும் மாட்டேன்

இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிற சென்னை கே.கே. நகரில் ‘அப்சர்வர்ஷிப்’ புதுச் சொல் இல்லை. அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க நினைக்கும் மாணவர்கள், அங்கே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் சில வாரம் டாக்டர் பின்னாலேயே சுற்றுவார்கள். பார்க்கலாம், கேட்கலாம், பெரும்பாலும் நோயாளியைத் தொடக் கூடாது. சும்மா நிற்பதற்கா இவ்வளவு செலவு என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுப்பது நியாயமாகத்தான் படும்.

எனக்கோ மேரி ஷார்லீப் ஞாபகம் வந்துவிடும். லண்டனில் பிறந்தவர், வக்கீல் கணவரோடு 1866-ல் மதராஸுக்கு வந்தார். இங்குள்ள பெண்கள் பிரசவத்தில் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததே 1878-ல்தான். ஆக, அன்று அயல்நாட்டு ஆஸ்பத்திரியில், அதாவது இங்கே, படித்தவர் வெள்ளைக்காரம்மாள்!

வார்டில் நீங்கள் நடப்பதை என்னால் தடுக்க முடியாது, ஆனால் கற்றுத்தர மாட்டேன் என்கிற மாதிரி ஒரு டாக்டர் சொன்னதாக ஷார்லீப் நினைவுகூர்ந்திருக்கிறார். இந்த மறுப்பை நிதானமாக ருசிக்க வேண்டும். மனுஷர் கதவைச் சாத்தினாரே தவிர, தாழ்ப்பாள் போடவில்லை. மருத்துவத்தில் பாதி, அந்த நடையில்தானே இருக்கிறது? எந்தக் கட்டிலருகே டாக்டரின் கால் கூடுதலாக நிற்கிறது, முதலில் சீட்டைப் பார்க்கிறாரா முகத்தைப் பார்க்கிறாரா, நெஞ்சில் ஒரு விரலைப் பதித்து இன்னொரு விரலால் தட்டும்போது மணிக்கட்டு மட்டும் ஆட முழங்கை எப்படி அசையாமல் இருக்கிறது... இதையெல்லாம் யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை.

பிரசவ மருத்துவத்துக்கு கே.கே. நகரிலேயே ஒரு பெயர் உண்டு. லட்சுமணசாமி சாலையில் தினமும் போகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் பெயருக்குரிய ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் மகப்பேறு மருத்துவர் என்று தெரியுமோ! மதராஸ் மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். மதராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 27 ஆண்டு. மகப்பேறு மருத்துவம் பற்றி அவர் எழுதிய பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் கையில் இருந்தது.

அந்தத் துறையில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று. நிறைமாத வயிற்றைக் கையால் பார்ப்பதில் நான்கு பிடிகள். முதல் மூன்றுக்கும் டாக்டர் தாயின் முகத்தைப் பார்த்து நிற்பார். நான்காவதற்குத் திரும்பி, கால் பக்கம் பார்த்தபடி இரு கை விரல்களையும் கீழே இறக்கி, குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டதா என்று தேடுவார். கால்மாட்டில் ஒதுங்கி நிற்கும் மாணவிக்கு அதுவரை தெரிந்தது முதுகு, இப்போது முகம். விரலுக்குத் தலை தட்டுப்படுவதற்கும் டாக்டர் வாய் திறப்பதற்கும் நடுவே அந்த முகத்தில் ஒன்று வந்து போகும். தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கே அது தெரியாது. ஒதுங்கி நிற்கும் மாணவிக்குத்தான் அந்த யோகம்.

ஷார்லீப் 1878-ல் இங்கே தேறினார். 1882-ல் லண்டன் பட்டம், அதிலும் மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கம். பிறகு வியன்னாவில் பயிற்சி. மதராஸுக்குத் திரும்பி 1885-ல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஊருக்கு அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரி. இதற்கு நடுவே அவர் மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பாடமும் நடத்தியிருக்கிறார். அதாவது, தான் படித்த அதே கல்லூரியில்.